எல் சைஸ் விமானத்தில், எஸ் சைஸ் கப்பலில்

திருப்பூர் பனியனையும் கரூர் துண்டு, குஷன்களையும் அமெரிக்க அமேசானில் நேரடியாக விற்கிறவர்கள் ஃபார்வர்டரிடம், அதாவது சரக்கை அனுப்பித் தரும் ஏஜெண்டிடம், கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஏர்ல கிலோ எவ்வளவு, சீல சிபிஎம் (கன மீட்டர்) எவ்வளவுங்க?" ஐந்து நிமிஷத்தில் வாட்ஸப்பில் இரண்டு எண் வந்துவிடும். ஏர் நாலு மடங்கு. "சரிங்க, கப்பல்லயே போட்டுருங்க." சரக்கு போய்ச் சேர்ந்த மூன்றாவது, நாலாவது வாரம் கருப்பு எல் சைஸ் தீர்ந்துபோகும். "அர்ஜெண்டா 200 பீஸ் ஏர்ல போகணும்" என்று அதே ஃபார்வர்டருக்கு மறுபடி மெசேஜ். வருஷம் முழுக்க இந்தச் சுற்றுதான்.

என் கட்சி இது: கப்பலா விமானமா என்பதை மொத்த ஷிப்மெண்டுக்கும் சேர்த்து முடிவு செய்யக் கூடாது. சைஸுக்கும் கலருக்கும் தனித்தனியாகத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் அந்த இரண்டு எண்ணையே ஒழுங்காகப் படிப்போம். 60×40×40 செ.மீ. கார்ட்டன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 160 கிராம் டி-ஷர்ட் 100 பீஸ் போட்டால் 16 கிலோ, பாலிபேக்கும் அட்டையும் சேர்ந்து 17. விமானத்தில் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 6000-ஆல் வகுத்தால் கன எடை: 96,000 / 6000 = 16 கிலோ. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில், அதாவது 17. டி-ஷர்ட் விமானத்துக்கு ஏற்ற சரக்கு, ஏமாற்றாது. அதே கார்ட்டனில் பஞ்சடைத்த குஷன் போனால் தராசில் 5 கிலோ காட்டும், பில் 16 கிலோவுக்கு வரும். கூரியர் என்றால் 6000-க்குப் பதில் 5000-ஆல் வகுப்பார்கள், 19.2 கிலோ. கரூர்க்காரருக்கும் திருப்பூர்க்காரருக்கும் ஒரே கிலோ ரேட் வந்தாலும் இரண்டும் ஒரே விலை இல்லை.

இதில் பலர் கோட்டை விடுகிற இடம் கார்ட்டன் உப்பல். 100 பீஸ் போகிற பெட்டியில் 106 பீஸை அழுத்தி டேப் ஒட்டினால் மேலே 4 செ.மீ., பக்கத்தில் 2 செ.மீ. புடைக்கும். கார்கோ டெர்மினலில் அளப்பவர் புடைத்த இடத்தில்தான் டேப்பை வைப்பார். 60×42×44 என்றால் 18.48 கிலோ. நீங்கள் 17 வரும், மிஞ்சினால் 18 வரும் என்று நினைத்திருப்பீர்கள். 106 பீஸின் நிஜ எடை 18 கிலோதான்; 50 கார்ட்டனில் இப்படி அரை கிலோ ஏறினால் 25 கிலோ காற்றுக்குக் காசு கட்டுகிறீர்கள். பெட்டி அளவை 2 செ.மீ. கூட்டிப் புதிதாக அடிப்பதோ, பெட்டிக்கு 6 பீஸ் குறைப்பதோ இதைவிட மலிவு.

இன்னொரு சின்ன சூட்சுமம்: ஏர் ரேட் 45, 100, 300, 500, 1000 கிலோ என்று படிப்படியாக இறங்கும். உங்கள் சரக்கு 460 கிலோ, 300-க்கு மேல் ரேட் 340 ரூபாய், 500-க்கு மேல் 305 என்று வைத்துக்கொள்ளுங்கள். 460-க்குக் கட்டினால் 1,56,400. 500 கிலோ என்று பில் போடச் சொன்னால் 1,52,500. கேட்டால் செய்து தருவார்கள், கேட்காதவருக்குத் தானாக வராது.

இப்போது கப்பல். முழு கண்டெய்னர் நிரம்பாத சரக்கை எல்சிஎல் என்று சேர்த்து அனுப்புவார்கள். கணக்கு ஒரு சிபிஎம் அல்லது ஒரு டன், எது அதிகமோ அது. நம் 50 கார்ட்டன் 4.8 சிபிஎம், எடை 850 கிலோ, ஆகவே பில் 4.8-க்கு. தூத்துக்குடியிலிருந்து நியூயார்க் வரை ஆச்சரியமான ரேட் சொல்வார்கள், சில சமயம் கிட்டத்தட்ட சும்மா. அந்தப் பணத்தை அந்தப் பக்கம் எடுத்துவிடுவார்கள்: டெலிவரி ஆர்டர், சிஎஃப்எஸ் (சரக்கைச் சேர்த்துப் பிரிக்கும் கிடங்கு) ஹேண்ட்லிங், பிரித்து இறக்கும் கூலி, பேலட் போடும் கூலி, லாரி. உங்கள் பையர் அங்கே இருந்தால் அது அவர் தலைவலி. அமேசானில் விற்கும்போது ஏற்றுமதியாளரும் நீங்கள், இறக்குமதியாளரும் நீங்கள். அமேசான் தன் பெயரில் கஸ்டம்ஸ் கிளியர் செய்யாது. ஆகவே வேர்ஹவுஸ் வாசல் வரை வரி வரியாகப் பிரித்த கொட்டேஷன் இல்லாமல் எல்சிஎல் ரேட்டை நம்பவே கூடாது. 13, 14 சிபிஎம் தாண்டினால் தனி 20 அடி கண்டெய்னருக்கும் ஒரு ரேட் வாங்கிப் பாருங்கள். பாதி காலியாகப் போனாலும் பல நேரம் அதுதான் மலிவு, அடுத்தவர் சரக்கோடு கலக்காது என்பது தனி லாபம்.

சரி, வாசல் வரைக்கும் கப்பல் சிபிஎம்முக்கு 16,000 ரூபாய், விமானம் கிலோவுக்கு 350 என்று ஒரு கணக்குக்கு வைப்போம். 5000 பீஸுக்குக் கப்பல் 76,800, பீஸுக்கு 15 ரூபாய் 36 காசு. விமானம் 2,97,500, பீஸுக்கு 59.50. வித்தியாசம் 44 ரூபாய்.

"கப்பல்ல பணம் முடங்குதே, அதையும் பாருங்க" என்பார்கள். பார்ப்போம். பீஸ் அடக்கம் 220 ரூபாய், வட்டி 12 சதவீதம், கப்பலில் 60 நாள் கூடுதல். 4 ரூபாய் 34 காசு. 44 ரூபாயை மிச்சப்படுத்த 4 ரூபாய் வட்டி யாரும் கட்டுவார்கள். வட்டியைக் காட்டி விமானத்தை நியாயப்படுத்த முடியாது.

விமானத்துக்கான நியாயம் வேறு இடத்தில் இருக்கிறது. திருப்பூரில் லாரி ஏறியதிலிருந்து அமேசானில் விற்பனைக்குத் தயாராகும் வரை கப்பலுக்கு 75 நாள், விமானத்துக்கு 15 நாள் என்று கொள்வோம். நாளைக்கு 20 பீஸ் விற்கிறது, ஏற்ற இறக்கம் 8 பீஸ். 100-க்கு 95 தடவை சரக்கு தீராமல் இருக்கக் கையிருப்பு எவ்வளவு வேண்டும்? விற்பனை ஏற்ற இறக்கத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் கப்பலுக்கு 114 பீஸ் போதும் (8-ஐ 75-இன் வர்க்கமூலத்தால் பெருக்கி, அதை 1.65-ஆல்). பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அந்த 75 நாளே 65-ம் ஆகலாம், 85-ம் ஆகலாம். பத்து நாள் தள்ளாட்டத்தைச் சேர்த்தால் 114 என்பது 349 ஆகிவிடும். விமானத்தில் தள்ளாட்டம் மூன்று நாள் என்றால் 111 போதும். பயணம் நீளமாக இருப்பதைவிட எப்போது வரும் என்று தெரியாமல் இருப்பதுதான் உங்களைக் கூடுதல் சரக்கு வைக்கச் சொல்கிறது. எல்லாரும் போக்குவரத்து நாளை எழுதி வைக்கிறார்கள். போன ஐந்து ஷிப்மெண்டில் அது எவ்வளவு முன்பின் ஆனது என்பதை எழுதி வைப்பவர் குறைவு.

அந்தத் தள்ளாட்டம் எங்கிருந்து வருகிறது? தூத்துக்குடியிலிருந்து பெரும்பாலும் ஃபீடர் என்ற சின்னக் கப்பலில் கொழும்பு, அங்கே அமெரிக்கா போகும் தாய்க்கப்பல். ஃபீடர் ஒரு நாள் பிந்தினால் தாய்க்கப்பல் காத்திருக்காது, பெட்டி அடுத்த வாரத்துக்கு உருளும். 2023 கடைசியில் செங்கடலில் ஹூத்தி தாக்குதல் தொடங்கியதும் கப்பல்கள் சூயஸை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றப் போய், கிழக்குக் கரைக்குப் பத்து நாளுக்கு மேல் கூடியது. இதெல்லாம் போக எல்சிஎல்லுக்கே உரிய வினை ஒன்று உண்டு: ஒரே கண்டெய்னரில் பத்துப் பேர் சரக்கு. அதில் ஒருவர் பேப்பரில் சந்தேகம் வந்து அமெரிக்க கஸ்டம்ஸ் பெட்டியைத் திறந்தால் பத்துப் பேரும் காத்திருக்க வேண்டும், செலவையும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

கடல் வழிக்கு ஐஎஸ்எஃப் என்று ஒரு முன்தகவல் தாக்கல் உண்டு. அமெரிக்கா போகும் கப்பலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்னால் போக வேண்டும், தவறினால் 5000 டாலர் வரை அபராதம். கொழும்பில்தானே தாய்க்கப்பல் என்று அசட்டையாக இருக்காமல் தூத்துக்குடியில் ஸ்டஃபிங் (கண்டெய்னரில் சரக்கு ஏற்றுவது) ஆகும் முன்பே போட்டுவிடச் சொல்லுங்கள். விமானத்துக்கு இது கிடையாது. துறைமுகப் பராமரிப்புக் கட்டணமான 0.125 சதவீதமும் கடல் வழிக்கு மட்டும்தான்.

ட்யூட்டியில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. அமெரிக்கா சரக்கு மதிப்பை எஃப்ஓபி (ஃப்ரைட், அதாவது போக்குவரத்துக் கட்டணம், சேராத விலை) அடிப்படையில் எடுக்கிறது. இன்வாய்ஸில் சரக்கு விலையும் ஃப்ரைட்டும் தனித்தனியாக இருந்தால், விமானத்துக்குக் கொடுத்த கூடுதல் பணத்துக்கு ட்யூட்டி ஏறாது. காட்டன் டி-ஷர்ட்டுக்கு அடிப்படை ட்யூட்டியே 16.5 சதவீதம், ஃப்ரைட்டையும் சேர்த்து ஒரே விலையாக இன்வாய்ஸ் அடித்தால் ஒவ்வொரு தடவையும் அந்தக் கூடுதலுக்கும் வரி கட்டுவீர்கள். ஐரோப்பாவில் கணக்கு வேறு, எல்லை வரையிலான ஃப்ரைட்டும் மதிப்பில் சேரும்.

2025 ஆகஸ்ட் 6-ம் தேதி இந்தியச் சரக்குக்கு அமெரிக்காவின் கூடுதல் 25 சதவீத ட்யூட்டி உத்தரவு வந்தபோது கப்பலுக்கும் விமானத்துக்கும் இருந்த இடைவெளி வேறு மாதிரித் தெரிந்தது. ஆகஸ்ட் 27-க்கு முன் கப்பலேறி செப்டம்பர் 17-க்கு முன் கிளியர் ஆகும் சரக்குக்கு விலக்கு இருந்தது. தூத்துக்குடியில் ஆகஸ்ட் பாதியில் ஏறிய பெட்டி நன்னம்பிக்கை முனையைச் சுற்றி அதற்குள் போய்ச் சேர வழியே இல்லை. விமானத்தில் போட்டவர் 27-க்கு முன் இறக்கிவிட முடிந்தது. அந்த மூன்று வாரத்துக்கு மட்டும் கிலோவுக்கு 350 கொடுப்பது மலிவாக இருந்தது.

இனி சைஸுக்கு வருவோம். நம் ஊர் வழக்கப்படி சைஸ் ரேஷியோ 1:2:2:1. கருப்பில் 600 பீஸ் என்றால் எஸ் 100, எம் 200, எல் 200, எக்ஸ்எல் 100. அங்கே எல் நாளைக்கு 8 போகிறது, எஸ் ஒன்று போகிறது. எல் 25 நாளில் காலி, எஸ் 100 நாள் உட்கார்ந்திருக்கும். மொத்த ஸ்டாக்கைப் பார்த்தால் "இன்னும் 300 பீஸ் இருக்கே" என்று நிம்மதியாக இருக்கும். லிஸ்டிங்கில் விளம்பரக் காசு ஓடிக்கொண்டே இருக்கும், வருகிறவர் எல் இல்லை என்று போய்க்கொண்டே இருப்பார், பத்துக் கிளிக்குக்கு ஒன்று விற்றது இருபதுக்கு ஒன்று என்று இறங்கும். அமேசான் தேடலில் இறங்கிப்போன ரேங்க் சரக்கு வந்த அன்றே திரும்பி வராது.

இந்த நேரத்தில் எல் மட்டும் 200 பீஸ், இரண்டு கார்ட்டன், கூரியரின் கன எடை 38.4 கிலோ, கிலோ 700 ரூபாய் என்றால் 26,880. பீஸுக்கு 134. கப்பலைவிட 119 ரூபாய் அதிகம், டாலர் 88 என்றால் ஒரு டாலர் 35 சென்ட். பீஸுக்கு 4 டாலர் லாபம் நிற்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பலாம். ஒன்றரை டாலர்தான் நிற்கிறது என்றால் விமானமே ஏற்றாதீர்கள், விளம்பரத்தை நிறுத்திவிட்டுக் கப்பலுக்குக் காத்திருங்கள். அப்படிப்பட்ட பொருளுக்கு நடுவழி எதுவும் கிடையாது. எஸ் சைஸை மட்டும் எக்காரணம் கொண்டும் விமானத்தில் ஏற்ற வேண்டாம். "பெட்டி காலியா இருக்கே, நாலு கலரும் நாலு சைஸும் போட்டு அனுப்பலாம்" என்பதுதான் ஏர் பில்லைக் கெடுக்கிற யோசனை.

கப்பலில் போகும் காட்டனுக்கு ஈரம் பெரிய எதிரி. ஸ்டீம் அயர்ன் ஆன பீஸை டேபிளிலிருந்து எடுத்ததும் சூட்டோடு பாலிபேக்கில் போட்டு ஒட்டினால், உள்ளே மாட்டிய ஆவி நாற்பது நாள் கடலில் பகல் வெப்பம், இரவுக் குளிரில் மாறி மாறி வியர்க்கும். திறக்கும்போது கழுத்துப் பட்டியில் சாம்பல் நிறப் புள்ளி, ஒரு மக்கல் வாடை. அயர்னுக்கும் பேக்கிங்குக்கும் நடுவே சில மணி நேரம் ரேக்கில் ஆற விட வேண்டும். மழைக்காலத்தில் கார்ட்டனுக்குள் பாலிதீன் உறையும் சிலிக்கா ஜெல்லும் அவசியம். ஈரம் குடித்த அட்டை பலமிழந்து அடி வரிசைப் பெட்டிகள் நசுங்கும்; ஆகவே கப்பலுக்கு 7 ப்ளை (ஏழு அடுக்கு) அட்டை. விமானத்துக்கு 5 ப்ளை போதும், எடையும் மிச்சம்.

அமேசானுக்கு 72 அங்குலம் வரை பேலட் கட்டலாம் என்று படித்துவிட்டு இங்கேயே கட்டி விமானத்துக்கு அனுப்புகிறவர்கள் உண்டு. 72 அங்குலம் என்றால் 183 செ.மீ. பெரிய பயணிகள் விமானத்தின் கீழ்த்தளத்திலேயே 160 செ.மீ.தான் போகும். பெட்டியாகவே அனுப்பி, பேலட்டை அங்கே போட்டுக்கொள்ளுங்கள்.

எல்சிஎல்லில் இன்ஷூரன்ஸ் எடுக்காமல் இருக்கவே இருக்காதீர்கள். 2021 மார்ச்சில் எவர் கிவன் கண்டெய்னர் கப்பல் சூயஸில் சிக்கிய பிறகு கப்பல் உரிமையாளர் ஜெனரல் ஆவரேஜ் (மீட்புச் செலவை எல்லாச் சரக்குக்காரர்களும் பங்கு போடுவது) அறிவித்தார். அப்படி அறிவித்தால், உங்கள் சரக்குக்கு ஒரு கீறல் விழாவிட்டாலும் மீட்புச் செலவில் பங்குக்கு உத்தரவாதம் கொடுத்தால்தான் பெட்டி கைக்கு வரும். பாலிசி இருந்தால் அந்தக் காகிதத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுக்கும்.

நவம்பர் விற்பனைக்கு அக்டோபர் 10-க்குள் உள்ளே இருக்க வேண்டும் என்றால் 75 நாள் பின்னால் ஜூலை 27. அன்று லாரி ஏற வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் அப்போதே ஏற்றினால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை அமேசான் வேர்ஹவுஸ் மாத வாடகை கன அடிக்கு 2.40 டாலர், மற்ற மாதங்களில் 0.78 (2024, 2025 விகிதம்). நம் 4.8 சிபிஎம் சுமார் 170 கன அடி: மாதம் 132 டாலர் ஆகிற இடத்தில் 407. ஆகவே நிச்சயம் போகிற அளவை மட்டும் ஜூலையில் கப்பலேற்றி, மீதிக்குச் சாயம் போட்ட துணியை அதே லாட்டில் எடுத்து ரோலாகவே வைத்துக்கொள்ளலாம். கட்டிங் டேபிளில் போடாத வரை அது எஸ்ஸும் இல்லை, எல்லும் இல்லை. அக்டோபர் முதல் வாரம் எந்த சைஸ் ஓடுகிறது என்று பார்த்துக் கட் பண்ணி, தைத்து, நவம்பர் முதல் வாரம் விமானத்தில் ஏற்றினால் ஷேடும் மாறாது. ரோலின் மேல் லாட் நம்பரைக் கெட்டி மார்க்கரில் எழுதி, வெயில் படாமல் கருப்பு பாலிதீன் சுற்றி வையுங்கள்.