ஆரல் கடலுக்குப் போகிறவர்கள் வழியில் தூங்காதீர்கள்

உஸ்பெகிஸ்தானுக்குச் சுற்றுலா போகிற நம்மவர்கள் கூடிவிட்டார்கள். தாஷ்கந்து, சமர்கந்து, புகாரா என்று வழக்கமான பாக்கேஜ். அதையெல்லாம் பார்த்துவிட்டு, கொஞ்சம் வேறு மாதிரி ஏதாவது பார்க்கலாமே என்று நினைக்கிறவர்கள் வற்றிப்போன ஆரல் கடலைப் பற்றி விசாரிக்கிறார்கள். நான் போய்வந்த படங்களைப் பார்த்துவிட்டுப் பலர் இன்பாக்ஸில் கேட்டதும் இதையேதான். அவ்வளவு தூரம் போவதற்கு அங்கே ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் கைடு வண்டியை நிறுத்திக் காட்டுகிற இடத்தில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி, எல்லோரும் வண்டியில் தூங்கிக்கொண்டிருக்கும்போது ஜன்னலுக்கு வெளியே போய்விடுகிறது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் பயணத்தில் கடலைப் பார்க்க மாட்டீர்கள். உஸ்பெகிஸ்தானின் வடமேற்கு மூலையில் இருக்கும் கரகல்பக்ஸ்தான் பகுதியின் தலைநகரான நுகுஸிலிருந்து காலையில் கிளம்பி, சுமார் 200 கிலோமீட்டர் வடக்கே முய்னாக் என்ற பழைய துறைமுக ஊருக்குப் போய், மணலில் கிடக்கும் கப்பல்களைப் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பிவிடுவதுதான் அந்தப் பயணம். இன்றைக்குத் தண்ணீர் இருக்கும் கரை முய்னாக்கிலிருந்து இன்னும் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். அதைத் தொட்டே ஆகவேண்டும் என்றால் ஜீப் எடுத்து, கடல் இருந்த தரை வழியாகவோ உஸ்தியூர்த் பீடபூமி மேலேறியோ போய், கரையோரக் கூடாரத்தில் ஒரு இரவு தங்கித்தான் வரவேண்டும். இதைப் பணம் வாங்கும் முன்னாலேயே சொல்கிற ஏஜென்டும் உண்டு, சொல்லாதவரும் உண்டு. எங்களோடு வந்த ஒரு தம்பதி முய்னாக்கில் இறங்கியதும் "கடல் எங்கே?" என்றுதான் கேட்டார்கள். கைடு கையை வடக்கே நீட்டிக் காட்டினார். அங்கே புதர்தான் தெரிந்தது.

1960 வாக்கில் இது உலகின் நான்காவது பெரிய ஏரி. பரப்பு சுமார் 68,000 சதுர கிலோமீட்டர், அதாவது இலங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. இப்போது அதில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். அமு தர்யா, சிர் தர்யா என்ற இரண்டு ஆறுகள்தான் அதற்குத் தண்ணீர் கொண்டுவந்தன. இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 50 கன கிலோமீட்டருக்கு மேல் கொட்டின. நமக்குப் புரிகிற கணக்கில் சொன்னால் 1,750 டிஎம்சிக்கும் மேல். அந்தத் தண்ணீரைப் பருத்திக்குத் திருப்பினார்கள், கடல் வற்றியது. முய்னாக் அருங்காட்சியகத்தில் ஓடும் பழைய படமும், கப்பல்களுக்கு மேலே மேட்டில் வைத்திருக்கும் வரைபடப் பலகைகளும் இந்தக் கதையை நன்றாகவே சொல்கின்றன. எந்த ஆண்டில் கடல் எவ்வளவு சுருங்கியது என்று நின்று பார்த்துக்கொண்டே போகலாம்.

கப்பல்களை நான் குறை சொல்லவில்லை. பார்க்க வேண்டியவைதான். துருப்பிடித்த இரும்பில் கைவைத்தால் சுடுகிறது. மணலில் இன்னமும் சிப்பி ஓடு கிடக்கிறது. கப்பல் நிழலில் மாடுகள் படுத்திருக்கின்றன. ஆனால் அவை நின்ற இடத்தில் நிற்கவில்லை என்று தெரிந்துகொண்டு பாருங்கள். அங்கங்கே தரைதட்டிக் கிடந்தவற்றில் பலவற்றைப் பழைய இரும்புக்கு வெட்டி விற்றுவிட்டார்கள். மிஞ்சியதைச் சுற்றுலாவுக்காக இழுத்துவந்து ஒரே இடத்தில் வரிசையாக வைத்தார்கள். இப்போது அதன்மேல் ஏறி நின்று போட்டோ எடுக்கிறோம். 2018-லிருந்து இந்த ஊரில் எலக்ட்ரானிக் இசை விழாகூட நடத்தியிருக்கிறார்கள். அது தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலை இல்லாத ஊர், நாலு பேர் வந்துபோனால் நாலு காசு புழங்கும். "பேரழிவைப் போய் வேடிக்கை பார்ப்பதா?" என்று நம்மூரில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறவர்கள் முய்னாக்கில் டீக்கடை வைத்திருப்பவரிடம் போய்க் கேட்டுப் பார்க்கட்டும்.

என் குறை வேறு. கப்பலைக் காட்டுகிற விதம், எல்லாம் முடிந்துபோன பழைய சங்கதி என்று நம்மை நினைக்க வைக்கிறது. சோவியத் காலம், கிறுக்குத்தனமான திட்டம், பாவம் கடல், வாங்க சாப்பிடப் போகலாம். சுற்றுலாவின் கதை இவ்வளவுதான். ஆனால் நுகுஸிலிருந்து கிளம்பும் பாதையைக் கவனித்தால் எதுவும் முடியவில்லை என்று தெரியும்.

நுகுஸுக்குப் பக்கத்திலேயே தகியாதாஷில் அமு தர்யாவின் குறுக்கே ஒரு கதவணை இருக்கிறது. பாமிர் மலைப் பக்கத்திலிருந்து தஜிகிஸ்தான், ஆப்கானிஸ்தான், துர்க்மெனிஸ்தான், உஸ்பெகிஸ்தான் என்று வருகிற ஆற்றில் கடைசிப் பெரிய தடுப்பு அதுதான். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் கடைமடை. எங்கள் வண்டி நிற்கவில்லை. அங்கிருந்து வடக்கே போகப் போக, சாலையின் இரண்டு பக்கமும் மண் வாய்க்கால்கள். சிமென்ட் பூச்சு கிடையாது, மூடி கிடையாது. கோடை வெயிலில் ஆவியானது போக, மண் குடித்தது போக, மிச்சம்தான் வயலுக்குப் போகிறது. வயலில் பருத்தி, சில இடங்களில் நெல்லும்கூட. பாத்தியோரத்தில் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பஞ்சு என்று நினைத்துவிடாதீர்கள். அது உப்பு. அந்த உப்பைக் கழுவி இறக்கவே குளிர்காலக் கடைசியில் வயல் முழுக்கத் தண்ணீரைக் கட்டி நிறுத்துகிறார்கள். விதைப்பதற்கு முன்பே ஒரு தண்ணீர் செலவு! கழுவிய உப்புத்தண்ணீர் வடிகாலில் ஓடிப் பள்ளங்களில் தேங்குகிறது. துர்க்மெனிஸ்தான் எல்லையில் இருக்கும் சாரிகாமிஷ் என்ற பெரிய ஏரி இப்படி வடிகால் தண்ணீரால் பெருத்ததுதான். கடலுக்குப் போயிருக்க வேண்டிய தண்ணீர், யாருக்கும் உதவாத இடத்தில் இன்னொரு ஏரியாகக் கிடக்கிறது.

இன்னொரு பெரிய பங்கைக் கரகும் கால்வாய் கொண்டுபோகிறது. 1954-ல் வெட்டத் தொடங்கிய வாய்க்கால், நீளம் 1,300 கிலோமீட்டருக்கு மேல். அமு தர்யாவைப் பாலைவனத்துக்குக் குறுக்கே துர்க்மெனிஸ்தானுக்குக் கொண்டுபோகிறது. அதுவும் பெரும்பாலும் மண்ணில் வெட்டியதுதான், இன்றும் ஓடுகிறது. கடல் வற்றும் என்று தெரிந்தேதான் அன்றைய திட்டக்காரர்கள் இதையெல்லாம் செய்தார்கள். மீனைவிடப் பருத்திக்கு மதிப்பு அதிகம் என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கிலும் பொய் இருந்தது என்பது தனிக் கூத்து. ரஷீதோவ் உஸ்பெகிஸ்தான் கட்சித் தலைவராக இருந்த காலத்தில், விளையாத பஞ்சை விளைந்ததாக எழுதி மாஸ்கோவிடம் காசு வாங்கியது எண்பதுகளில் பெரிய ஊழலாக வெடித்தது. கடல் செத்தது நிஜம், அதற்கு ஈடாக வந்த பஞ்சில் ஒரு பகுதி காகிதத்தில் மட்டும்.

பருத்தி அந்த நாட்டில் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்க்க வயலுக்குக்கூடப் போக வேண்டாம். தேசியச் சின்னத்தில் பருத்திக்காய் இருக்கிறது. தாஷ்கந்து மெட்ரோவில் ஒரு ஸ்டேஷனுக்கும் அந்த ஊர் கால்பந்து கிளப்புக்கும் 'பக்தகோர்' என்று பெயர், பருத்தி விவசாயி என்று அர்த்தம். முய்னாக்கில் மதியம் சாப்பிட உட்கார்ந்தால் டீ ஊற்றித்தரும் கிண்ணத்தில்கூட நீலத்தில் வெள்ளைப் பருத்திப் பூ வரைந்திருக்கிறது. (அந்த டீயைப் பற்றி ஒரு வார்த்தை. மற்ற ஊர்களில் வெறும் பச்சை டீயாகக் குடித்து நாக்கு செத்துப்போனவர்களுக்கு நற்செய்தி: கரகல்பக்குகள் பால் ஊற்றித்தான் குடிக்கிறார்கள்.)

நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். ஆசிரியர், நர்ஸ், மாணவர் என்று எல்லோரையும் கட்டாயமாகப் பஞ்சு எடுக்க அனுப்பும் வழக்கம் அங்கே பல்லாண்டு காலம் இருந்தது. அது போய்விட்டது. 2021 அறுவடையில் அப்படித் திட்டமிட்ட கட்டாய உழைப்பு இல்லை என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு சொன்னது. அடுத்த ஆண்டே உஸ்பெக் பருத்தி மீதான பன்னாட்டுப் புறக்கணிப்பும் விலகியது. கடல் இருந்த தரையில் சாக்சால் என்ற பாலைவன மரத்தை லட்சக்கணக்கான ஹெக்டேரில் நட்டுவருகிறார்கள். உப்பும் பழைய பூச்சிமருந்தும் கலந்த தூசி கிளம்பாமல் தடுப்பதற்காக. 2018 மே மாதக் கடைசியில் அடித்த உப்புப் புயலைப் பார்த்தவர்கள் அந்த மரத்தைக் கும்பிடுவார்கள். ஆனால் மரம் நடுவது தூசிக்கு மருந்து, கடலுக்கு இல்லை.

"அப்போ கடல் திரும்ப வரவே வராதா?" என்று வண்டியில் ஒருவர் கேட்டார். வடக்கே கஜகஸ்தானில் கொஞ்சம் வந்திருக்கிறது. 1987 வாக்கிலேயே கடல் இரண்டாகப் பிரிந்துவிட்டது. சிர் தர்யா விழும் சிறிய வடபகுதியில், தண்ணீர் தெற்கே வழிந்து வீணாகாமல் இருக்க, உலக வங்கிக் கடனோடு 2005-ல் கோக்-ஆரல் அணையைக் கட்டி முடித்தார்கள். சில ஆண்டுகளில் நடக்கும் என்று நினைத்தது சில மாதங்களில் நடந்தது. மட்டம் ஏறியது, உப்பு குறைந்தது, மீன் வந்தது, மீன்பிடியும் வந்தது. மகிழ்ச்சியான செய்தி. ஆனால் அந்த அணை வடபகுதியைக் காப்பாற்றிய வகையில், தெற்கைக் கைகழுவியதும் அதுதான். 2014-ல் தெற்கின் கிழக்குப் பகுதி முழுக்கக் காய்ந்து கிடந்ததை நாசா எடுத்த படம் காட்டியது. மேற்கில் ஆழமான பள்ளத்தில் மிஞ்சியிருக்கும் தண்ணீர் கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பு. மீன் கிடையாது. ஆர்ட்டீமியா என்ற பொடி இறால் மட்டும் வாழ்கிறது. அதன் முட்டையை அள்ளி இறால் பண்ணைத் தீனிக்காக ஏற்றுமதி செய்கிறார்கள்.

முய்னாக்கில் என்னை அதிகம் உலுக்கியது கப்பல்கள் இல்லை, மீன் டப்பா ஆலை. கடல் பின்வாங்கியபோது ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கப்பல் போய்வர வாய்க்கால் வெட்டிக்கொண்டே கடலைத் துரத்தியிருக்கிறார்கள். வெட்ட வெட்டக் கடல் இன்னும் தள்ளிப்போனது. எண்பதுகளின் தொடக்கத்தில் மீன்பிடி நின்றது. அப்போதும் ஆலையை மூட மனமில்லாமல், பால்டிக் கடலிலிருந்தும் தூரக் கிழக்கிலிருந்தும் மீனை உறையவைத்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ரயிலில் கொண்டுவந்து இங்கே டப்பாவில் அடைத்திருக்கிறார்கள். அதற்குச் செலவழிக்க அரசிடம் காசு இருந்தது, வாய்க்காலுக்குப் பூச்சு பூச இல்லை. அருங்காட்சியகத்தில் அந்த டப்பாக்கள் இருக்கின்றன. கைடு தாண்டிப் போய்விடுவார், நீங்கள் நில்லுங்கள்.

சரி, இதெல்லாம் நடந்து முடிந்தது, இனி என்ன என்றால், பதில் ஆற்றின் மேல்பக்கம் இருக்கிறது. ஆப்கானிஸ்தானில் தாலிபான் அரசு 2022-லிருந்து கோஷ் தெபா என்று ஒரு கால்வாய் வெட்டுகிறது. நீளம் 285 கிலோமீட்டர், அமு தர்யாவிலிருந்து. முழுக்க ஓடினால் ஆற்றில் கணிசமான பங்கு அதிலேயே போய்விடும். 1992-ல் மத்திய ஆசிய நாடுகள் ஐந்தும் தண்ணீர்ப் பங்கீட்டுக்கு ஒப்பந்தம் போட்டபோது ஆப்கானிஸ்தானைக் கூப்பிடவே இல்லை. ஆகவே இப்போது "எங்கள் பங்கை நாங்கள் எடுக்கிறோம்" என்று அவர்கள் சொன்னால் என்ன பதில் சொல்வது? என்னைக் கேட்டால், அறுபது ஆண்டுகளாக மண் வாய்க்காலில் தண்ணீரை ஒழுகவிட்டவர்கள் அவர்களுக்குச் சிக்கனம் போதிக்க முடியாது. ஆனால் அந்தக் கால்வாயும் பூச்சில்லாமல் மண்ணில்தான் வெட்டப்படுகிறது. ஆப்கன் விவசாயிக்கு ஆற்றில் உரிமை உண்டு, ஒழுகவிட உரிமை யாருக்கும் இல்லை. இந்தச் சண்டையில் அடிபடப்போவது மறுபடியும் கடைமடையில் இருக்கும் கரகல்பக்குகள்தான். எங்கள் கைடு இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். கரகல்பக்ஸ்தான் உஸ்பெகிஸ்தானுக்குள் ஒரு தன்னாட்சிக் குடியரசு. மொழி கசாக்குக்குப் பக்கம். 2022 ஜூலையில் அந்தத் தன்னாட்சியை அரசியல் சட்டத்திலிருந்து எடுக்கப் பார்த்தபோது நுகுஸில் பெரிய போராட்டம் வெடித்தது. அரசுக் கணக்கிலேயே 21 பேர் இறந்தார்கள். திருத்தத்தைக் கைவிட்டார்கள், பலரைச் சிறையில் அடைத்தார்கள். அதனால் கைடிடம் அரசியல் பேசிப் பிடுங்காதீர்கள். நாம் விமானம் ஏறிவிடுவோம், அவர் அங்கேயே இருக்கவேண்டும். வாய்க்காலைப் பற்றித் தாராளமாகக் கேளுங்கள். வீட்டில் விவசாயம் இருந்தால் மணிக்கணக்கில் சொல்வார்கள்.

போகிறவர்களுக்குக் கடைசியாகச் சில. கோடையும் குளிர்காலமும் வேண்டாம், இரண்டும் அங்கே கொடுமை. செப்டம்பர் கடைசியில் போனால் பஞ்சு எடுப்பதையும் பார்க்கலாம். தகியாதாஷ் பக்கம் போகவேண்டும், முய்னாக் போகும் வழியில் வரும் குங்கிராத் என்ற ஊரைத் தாண்டி ஒரு வயலோரத்தில் கால்மணி நேரம் நிறுத்தவேண்டும் என்று பணம் கட்டும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். அணைப் பக்கம் மட்டும் கேமராவை எடுக்கும் முன் கைடிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சைவக்காரர்கள் ரொட்டி, தக்காளி, முலாம்பழத்தோடு சமாளிக்கவேண்டியிருக்கும். சோவியத் காலத்தில் ஒதுக்கப்பட்ட ஓவியங்களை மாஸ்கோவின் கண்படாத தூரத்தில் சேர்த்துவைத்த சவீத்ஸ்கி அருங்காட்சியகம் நுகுஸில் இருக்கிறது. அதையும் அதே நாளில் முடித்துவிடலாம் என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள், அதற்கு ஒரு முழு நாள் வேண்டும். முய்னாக் சாலை சில இடங்களில் மோசம், திரும்ப எந்நேரம் ஆகும் என்று சொல்ல முடியாது. அன்றிரவே தாஷ்கந்து ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.