தோடம்பழத் தோலில் லஞ்ச் ஷீட்டா? பரவும் செய்தி தவறு

“தோடம்பழத் தோலை அரைத்து வெயிலில் காயவைத்தால் லஞ்ச் ஷீட் தயார். சுடுசோறு கட்டினாலும் ஒரு வாரம் கெடாது” என்று ஹட்டன், நுவரெலியாப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. நம்பிவிடாதீர்கள்.

பழத்தோலிலுள்ள பெக்டின் என்ற கூழாக இறுகும் இயற்கைப் பொருளைக் கொண்டு உண்ணக்கூடிய மெல்லிய உறை செய்ய முடியும் என்பது உண்மை. ஆனால் வெறுமனே அரைத்துக் காயவைத்தால் விரலிடையே நொறுங்கும் தகடுதான் மிஞ்சும். அமிலம் கலந்த சுடுநீரில் பெக்டினைப் பிரித்தெடுத்து, வளைந்துகொடுக்கக் கிளிசரின் சேர்த்து, மெல்லிதாக வார்த்து உலர்த்த வேண்டும். அப்படிச் செய்தாலும் அது நீருக்கு இளகும். ஈரக்கை பட்டாலே பிசுபிசுக்கும். கொதிக்கும் பருப்புக் கறியை எப்படித் தாங்கும்? நம் மலைப்பனியின் ஈரமே அதற்கு அதிகம். உலர்ந்த தின்பண்டங்களுக்கே அது பொருந்தும்.

‘ஒரு வாரம் கெடாது’ என்பதுதான் எனக்குப் பெரும் கவலை. சமைத்த சோற்றில் கிருமிகளின் வித்துகள் உயிரோடிருக்கும். வெளியே வைத்தால் சில மணி நேரத்தில் பெருகத் தொடங்கும். விடியலில் கொழுந்து பறிக்கப் புறப்படும் தாய், இதை நம்பிப் பிள்ளைக்குப் பழஞ்சோற்றைக் கட்டிக் கொடுத்துவிடக் கூடாது.

பொலித்தீன் லஞ்ச் ஷீட் இலங்கையில் 2017 செப்டெம்பரில் தடைசெய்யப்பட்டது. மாற்றுத் தேடுவது நியாயமே. அடுப்பில் வாட்டிய வாழையிலை இன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.