ஒரு ‘தே’வுக்கு இரண்டு தண்டனை

வியாழக்கிழமை சாயங்காலத்திலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. எழுதித் தீர்த்தால்தான் தூக்கம் வரும் போலிருக்கிறது.

நான் சென்னையில் காப்பி எடிட்டர். பதினான்கு வருஷமாக இதுதான் பிழைப்பு. வெளிநாட்டு மருத்துவ ஜர்னல்களுக்கு வரும் கட்டுரைகளில் ஆங்கிலத்தைச் சரிபார்த்து அனுப்புவது என் வேலை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வெளியாகும் எத்தனையோ ஜர்னல்கள் எங்கள் கை பட்டுத்தான் அச்சுக்குப் போகின்றன. வெளியில் பல பேருக்கு இது தெரியாது.

எட்டு மாதத்துக்கு முன் எங்கள் டீமில் ஒரு பெண் சேர்ந்தாள். திருக்கோவிலூர் பக்கம் ஊர். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி, கல்லூரியில் ஆங்கில இலக்கியம். கவனமான பெண். சந்தேகம் வந்தால் அகராதியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கை வைப்பாள். போன மாதம் அவளிடம் ஒரு கேஸ் ரிப்போர்ட் வந்தது, ஒரு நோயாளியின் நோயை விவரிக்கும் கட்டுரை. எழுதியவர் ஓர் ஆங்கிலேய டாக்டர். நோயாளி ஆணா பெண்ணா என்று தெரியக்கூடாது என்பதற்காகக் கட்டுரை முழுக்க ‘தே’ (they) என்றே, அதாவது ‘அவர்கள்’ என்ற பன்மைச் சொல்லாகவே எழுதியிருந்தார். மாத்திரையைத் தாங்களே நிறுத்திவிட்டதாக நோயாளி சொன்னார் என்பது மாதிரி. அந்தப் பெண் அதை அப்படியே விட்டாள். சரியாகத்தான் செய்தாள்.

ஃபைல் க்யூசிக்கு, அதாவது எங்கள் வேலையைத் தரம் பார்க்கிற பிரிவுக்குப் போனது. திரும்பி வந்தபோது சிவப்பில் ஒரு குறிப்பு: ஒருமைக்குப் பன்மைச் சொல், மேஜர் எரர், எல்லா இடத்திலும் ‘ஹி ஆர் ஷி’ என்று மாற்றவும். சொன்னபடி பதினோரு இடத்தில் மாற்றினாள். ப்ரூஃப் டாக்டரிடம் போனது. அவர் பதினோரு இடத்தையும் பழையபடி திருத்திவிட்டு, ‘இதை வேண்டுமென்றேதான் எழுதினேன், ஏன் கை வைத்தீர்கள்?’ என்று ஓரத்தில் கேட்டு அனுப்பினார். வாடிக்கையாளர் புகார் என்று அது பதிவானது. யார் பேரில்? அதே பெண் பேரில். மாற்றாததற்கு ஒரு எரர், மாற்றியதற்கு இன்னொரு எரர். ஒரே சொல்லுக்கு! இந்த மாத இன்சென்டிவ் போயிற்று.

என் சீட்டுக்கு வந்து நின்றாள். அழவில்லை. “அக்கா, நான் எதைத்தான் சரின்னு வெச்சுக்கறது?” என்று மட்டும் கேட்டாள்.

நான் நேரே க்யூசி சாரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை, இருபத்தைந்து வருஷ அனுபவம் உள்ளவர். ஆனால் அவர் சொன்ன பதில் இன்னும் காதில் நிற்கிறது: “ரூல் ரூல்தாம்மா. இன்னைக்கு ஒருத்தன் மாத்துவான், நாளைக்கு ஒருத்தன் மாத்துவான். நாமளும் விட்டுட்டா இங்கிலீஷே இருக்காது.”

இங்கிலீஷே இருக்காதா! இப்படிக் கவலைப்பட்டவர்கள் முந்நூறு வருஷமாக இருக்கிறார்கள். அவர்கள் கவலைப்பட்டபடி ஒன்றும் அழியவில்லை.

முதலில் அந்த ‘தே’யையே எடுத்துக்கொள்வோம். ஆணா பெண்ணா என்று தெரியாத ஒரு ஆளைக் குறிக்க ஆங்கிலேயர்கள் 14ஆம் நூற்றாண்டிலிருந்தே அந்தச் சொல்லை எழுதி வருகிறார்கள். ஷேக்ஸ்பியரிடம் இருக்கிறது. ஜேன் ஆஸ்டினிடம் தாராளமாக இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள் வந்துதான் அதைப் பிழை என்றார்கள். பெண்ணைக் குறிக்கவும் ‘ஹி’ போதும் என்றார்கள். 1850இல் பிரிட்டிஷ் பார்லிமென்ட் இதைச் சட்டமாகவே போட்டது: சட்டங்களில் ஆண்பால் சொல் வந்தால் அது பெண்களையும் சேர்த்துத்தான். இப்போது அமெரிக்க உளவியல் சங்கம் 2019இல் வெளியிட்ட ஏழாம் பதிப்பு ஸ்டைல் கையேட்டில் (கட்டுரைகளை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் விதிப் புத்தகம்), ஒருவருக்கு ‘தே’ போடுங்கள் என்றே சொல்கிறது. அதே 2019இல் மெரியம் வெப்ஸ்டர் அகராதி அந்த வருஷத்தின் சொல்லாகத் தேர்ந்தெடுத்ததும் இதே ‘தே’வைத்தான். இத்தனை நடந்த பிறகு, சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஒரு சின்னப் பெண்ணின் சம்பளத்தில் கை வைத்து இதைத் தடுக்கப் பார்க்கிறோம்.

இதைவிட எனக்குக் கோபம் வந்த இடம் ஒன்று உண்டு. எரர் மெயில் ‘யூ ஆர் ரிக்வெஸ்டட்’ என்று ஆரம்பிக்கிறது. அந்த ‘யூ’ என்ன? ஒரு காலத்தில் பன்மை. பல பேரைப் பார்த்துச் சொல்வது. ஒருவரைப் பார்த்துச் சொல்ல ‘தௌ’ இருந்தது. மரியாதைக்காகப் பெரியவர்களிடம் பன்மையில் பேசப் போய், கொஞ்சம் கொஞ்சமாக எல்லோருக்கும் ‘யூ’ என்றாகி, ‘தௌ’ பேச்சிலிருந்து போய்விட்டது. அப்போதும் சண்டை நடந்தது. குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவின் தலைவர் ஜார்ஜ் ஃபாக்ஸ், ஒரே ஆளைப் பன்மையில் அழைப்பது தப்பு என்று 1660இல் ஒரு புத்தகமே போட்டார். எத்தனையோ மொழிகளை உதாரணம் காட்டினார். என்ன ஆயிற்று? இன்றைக்கு ஒரே ஒரு பெண்ணுக்கு மெயில் எழுதும்போது பன்மைச் சொல்லைப் போட்டு, அதற்குப் பன்மை வினையான ‘ஆர்’ சேர்த்து, ‘ஒருமைக்குப் பன்மை போட்டாய்’ என்று தண்டிக்கிறோம்.

இதைப் புரிந்துகொள்ளத் தமிழருக்கு ஆங்கில வரலாறுகூட வேண்டாம். டாக்டர் வந்தார் என்கிறோம். எத்தனை டாக்டர்? ஒருவர். ‘அவர்’ பழைய தமிழில் பன்மை. பல பேரைக் குறிப்பது. மரியாதைக்காக ஒருவருக்குச் சொல்லிச் சொல்லி, இன்று ஒருவருக்கே ஆகிவிட்டது. பல பேரைச் சொல்ல அதன்மேல் ஒரு ‘கள்’ ஒட்டி ‘அவர்கள்’ என்கிறோம். தொல்காப்பியரே இதைப் பார்த்திருக்கிறார். ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்த உயர்வுச் சொல், இலக்கண வழியில் வருவதில்லை என்று சூத்திரம் எழுதி வைத்தார். இலக்கணத்துக்குள் அடங்கவில்லை, ஆனால் ஜனங்கள் பேசுகிறார்கள் என்று இரண்டையும் சேர்த்துப் பதிவு செய்தார். பேசியவர் கூலியில் கை வைக்கவில்லை. அம்மாவை ‘அவங்க’ என்று சொல்லி வளர்ந்த நமக்கு, ஒருவரைப் பன்மையில் சொல்லும் ஆங்கிலம் மட்டும் எப்படிக் காட்டுமிராண்டித்தனமாகத் தெரிகிறது?

மற்ற ரூல்களின் பிறப்பும் இப்படித்தான். ப்ரெப்பொசிஷனில், அதாவது ‘இன்’, ‘ஆன்’, ‘வித்’ மாதிரிச் சொல்லில், வாக்கியத்தை முடிக்கக்கூடாது என்று நமக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்களே, அது எங்கிருந்து வந்தது? 1672இல் டிரைடன் என்ற கவிஞர், தனக்கு முன்னால் எழுதிய பென் ஜான்சன் அப்படி முடித்தார் என்று குறை சொன்னார். பிறகு தன் பழைய எழுத்திலேயே அப்படி இருப்பதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து திருத்தினார். லத்தீனில் அப்படி எழுத முடியாது. லத்தீன்தான் ஒழுங்கான மொழி என்ற எண்ணம் அந்தக் காலத்துப் படிப்பாளிகளுக்கு இருந்தது. ‘டு’வுக்கும் வினைக்கும் நடுவில் ஒரு சொல்லை நுழைக்கக்கூடாது என்பதைப் பிரபலமாக்கியவர்களில் ஒருவர் கேன்டர்பரி ஆலயத்தின் டீன் ஹென்றி ஆல்ஃபோர்டு, 1864இல். யாரோ ஒருவருடைய ரசனை, ஒரு புத்தகத்திலிருந்து அடுத்த புத்தகத்துக்குப் போய், பாடத்திட்டத்தில் ஏறி, திருக்கோவிலூர்ப் பக்கத்துப் பிள்ளையின் விடைத்தாளில் சிவப்பு மையாக இறங்குகிறது. நானும் அந்தச் சிவப்பு மையை வாங்கியவள்தான். பதின்மூன்று வயதில் வாங்கிய அடி இன்றும் வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பார்த்தால் கையை நடுங்க வைக்கிறது.

மொழி மாறுவதை எதிர்த்தவர்கள் சாதாரண ஆட்களும் இல்லை. எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் 1712இல், ஆங்கிலம் சீரழிகிறது, ஒரு சபை கூட்டி இதை என்றைக்கும் மாறாமல் நிறுத்துங்கள் என்று நிதிப் பொறுப்பில் இருந்த ராபர்ட் ஹார்லிக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார். கும்பலைக் குறிக்கும் ‘மாப்’ என்ற சொல்லின் மேல் அவருக்கு அப்படி ஒரு வெறுப்பு. வருஷக்கணக்காக அதைத் தடுக்கப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறார். இன்றைக்கு அது சாதாரணப் பத்திரிகைச் சொல். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1789இல், பிறகு அமெரிக்க அகராதி எழுதிய நோவா வெப்ஸ்டருக்கு எழுதிய கடிதத்தில், ‘நோட்டீஸ்’, ‘புராக்ரஸ்’, ‘அட்வகேட்’ போன்ற பெயர்ச்சொற்களை வினையாக்குகிறார்கள், இதையெல்லாம் கண்டியுங்கள் என்று கேட்டுக்கொண்டார். இந்த மூன்றும் வினையாக வராத ஒரு மருத்துவக் கட்டுரையை நான் பார்த்ததில்லை. சாமுவேல் ஜான்சன் மட்டும்தான் மனம் மாறினார். அகராதி எழுத ஆரம்பித்தபோது மொழியை நிலைநிறுத்திவிடலாம் என்று நினைத்தவர், 1755இல் வேலையை முடித்த பிறகு, அது நடக்காத காரியம் என்று முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டார். வருஷக்கணக்காக ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்த மனிதர் அவர். அவர் பேச்சை நான் நம்புகிறேன்.

இதெல்லாம் வெறும் இலக்கணச் சண்டையாக இருந்தால் எனக்கு இத்தனை கொதிப்பு வராது. யாருக்கு மாற்ற உரிமை இருக்கிறது என்பதில்தான் வயிறு எரிகிறது. எங்கள் வாடிக்கையாளர் மீட்டிங்கில் வெளிநாட்டு மேலாளர் ‘வாட் இஸ் த ஆஸ்க்?’ என்று வினையைப் பெயராக்குவார், ‘லேர்னிங்ஸ்’ என்று பன்மை போடுவார். மறுநாளே எங்கள் ஆபீஸ் முழுக்க அதைப் பேசுகிறது. யாரும் எரர் போடுவதில்லை. அதே ஆபீஸில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு உண்டு. ‘ப்ரிபோன்’ (முன்கூட்டியே வைப்பது) சொல்லாதீர்கள், ‘டூ த நீட்ஃபுல்’ (ஆவன செய்க) எழுதாதீர்கள், அதெல்லாம் இந்தியத் தப்புகள், வெளிநாட்டுக்காரர்கள் சிரிப்பார்கள் என்று முதல் நாளே சொல்லிக் கொடுக்கிறார்கள். ‘ப்ரிபோன்’ ஆக்ஸ்போர்டு அகராதியிலேயே இருக்கிறது. ‘போஸ்ட்போன்’ இருக்கும்போது அதற்கு எதிர்ச்சொல் வேண்டாமா? நம் ஆட்களுக்குத் தேவைப்பட்டது, வைத்துக்கொண்டார்கள். ‘டூ த நீட்ஃபுல்’ நாம் கண்டுபிடித்ததே இல்லை. வெள்ளைக்காரர்களின் கடிதங்களில் புழங்கிய தொடர் அது. அவர்கள் விட்டுவிட்டார்கள், நம் அலுவலகங்களில் தங்கிவிட்டது. அவர்கள் நமக்குக் கொடுத்ததை நாம் பத்திரமாக வைத்திருந்தோம். அதற்கும் நமக்கே அவமானம்.

ஆக, பழையதை வைத்திருந்தால் பிற்போக்கு, புதியதை உண்டாக்கினால் தப்பு. திருக்கோவிலூர்க்காரிக்கு இரண்டு பக்கமும் அடி. அவளுடைய அந்த இரண்டு எரரும் இதே கதைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வெள்ளைக்காரர்களுக்கு நம் சொற்களை மட்டும் எடுத்துக்கொள்ளத் தெரிந்திருக்கிறது. கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆனது, சுருட்டு ‘செரூட்’ ஆனது, மிளகுத்தண்ணீர் ‘மல்லிகட்டாணி’ ஆனது. 2016இல் ‘ஐயோ’வும் ஆக்ஸ்போர்டு அகராதியில் ஏறியது. இந்தச் சொற்களை இப்படிச் சிதைத்து உச்சரித்த வெள்ளைக்கார வியாபாரிக்கு யார் எரர் பாயிண்ட் போட்டார்கள்?

சரி, அப்படியானால் எதையுமே தடுக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். தடுக்கிறேன். தினமும் தடுக்கிறேன். போன வாரம் ஒரு கட்டுரையில் நோயாளிகளை ‘பைவீக்லி’ பரிசோதித்தோம் என்று இருந்தது. வாரம் இரண்டு தடவையா, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையா? அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தமும் உண்டு, அகராதியும் இரண்டையும் கொடுக்கிறது. படிக்கிற டாக்டர் தப்பாக எடுத்துக்கொண்டால் ஒரு உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். உடனே எழுதியவரிடமே விளக்கம் கேட்டு ஆதர் க்வெரி போட்டேன்; பதில் வராமல் ஃபைலை விடமாட்டேன் என்று நின்றேன். ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ என்ற சொல்லையும் விடமாட்டேன். அது 17ஆம் நூற்றாண்டில் முதலில் அக்கறையில்லாதவர் என்ற பொருளில்தான் வந்தது, பாரபட்சமில்லாதவர் என்ற பொருள் பிறகு ஒட்டிக்கொண்டது என்பதெல்லாம் தெரியும். ஆனால் ஓர் ஆய்வை மேற்பார்வை பார்த்தவர் நடுநிலையானவரா, ஆர்வமே இல்லாதவரா என்று படிப்பவர் குழம்பக்கூடாது. அதனால் கேட்கிறேன். படிப்பவருக்கு அர்த்தம் தடுமாறினால் நான் சண்டை போடுவேன். ‘தே’யில் யாருக்கும் ஒன்றும் தடுமாறவில்லை. அந்த டாக்டருக்குப் புரிந்தது, இந்தப் பெண்ணுக்குப் புரிந்தது, எரர் போட்டவருக்கும் புரிந்தது. புரியாவிட்டால் எப்படி ‘ஹி ஆர் ஷி’ என்று மாற்றச் சொல்லியிருப்பார்?

க்யூசி சாரின் பயம் எனக்கு ஓரளவு தெரியும். கஷ்டப்பட்டு ஒரு மொழியைப் படித்து, அதன் ரூல்களை மனப்பாடம் செய்து, அதை வைத்தே குடும்பத்தைக் கரையேற்றிய தலைமுறை அது. அந்த ரூல் செல்லாது என்று ஒருவன் வந்து சொன்னால், தன் படிப்பே செல்லாது என்று சொன்ன மாதிரி இருக்கும். வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்த வலியை எட்டு மாத அனுபவமுள்ள ஒரு பெண்ணின் தலையில் இறக்கி வைக்க யாருக்கும் உரிமை இல்லை. ஐயாயிரம் ரூபாய் இன்சென்டிவ் அவள் வீட்டில் ஒரு மாத மளிகை.

வெள்ளிக்கிழமை காலையிலேயே மெயில் போட்டேன். இரண்டு எரரையும் ரத்து செய்ய வேண்டும். கட்டுரை எந்த ஸ்டைலைப் பின்பற்றுகிறதோ அந்தக் கையேட்டின் பக்கம் இதோ, டாக்டரின் குறிப்பு இதோ என்று இரண்டையும் இணைத்தேன். எங்கள் ஆபீஸின் ரூல் பட்டியலான ஸ்டைல் ஷீட்டிலிருந்து அந்த ரூலை எடுக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். மேலாளருக்கும் காப்பி வைத்தேன். இன்னும் பதில் இல்லை. திங்கட்கிழமை பதில் வராவிட்டால் நேரில் போவேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளுக்கு இன்னொரு கேஸ் ரிப்போர்ட் வந்தது. நாலாவது பக்கத்தில் கர்சரை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

“அக்கா, இதுலயும் ‘தே’ வருது. என்ன பண்ணட்டும்?”

“விடு. யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு.”