அமெரிக்காவில் பிரேதப் பரிசோதனை விகிதம்: பாதியாகக் குறைந்தது உண்மை, ஆனால் எல்லா மரணங்களிலும் அல்ல

அமெரிக்காவில் பிரேதப் பரிசோதனை விகிதம் 1972-க்குப் பின் பாதிக்கும் கீழே போனதால், கொலை, விபத்து மரணங்கள்கூட இப்போது சரியாக ஆராயப்படுவதில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதி சரி: பரிசோதிக்கப்பட்டவை 1972-இல் மொத்த மரணங்களில் 19.3%, 2007-இல் 8.5%. இரண்டாம் பாதி தலைகீழ். சரிந்தது நோயால் இறந்தவர்களுக்கான பரிசோதனைதான், 16.9%-இலிருந்து 4.3%. விபத்து, கொலை, தற்கொலை போன்ற புறக் காரண மரணங்களில் அது 43.6%-இலிருந்து 55.4% ஆக ஏறியிருக்கிறது. நோய் மரணங்களே மிகப் பெரும்பான்மை என்பதால் மொத்த சராசரி அந்தப் பக்கமே சாய்கிறது; இந்த ஏற்றம் அதில் தெரியாது.

இந்த எண்கள் தேசிய சுகாதாரப் புள்ளிவிவர மையத்தின் 2011 ஆகஸ்ட் அறிக்கையில் (எண் 67) உள்ளன. பிந்தைய ஆண்டுகளுக்கு, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் (சிடிசி) பொதுத் தரவுத்தளமான சிடிசி வொண்டரில் இறப்புக் காரணத் தரவைத் திறந்து 'பிரேதப் பரிசோதனை' வாரியாகப் பிரித்து, புறக் காரண மரணங்களைக் குறிக்கும் வி01 முதல் ஒய்89 (V01–Y89) வரையிலான குறியீடுகளைத் தேர்ந்தெடுங்கள். 'தெரியவில்லை' என்ற வரிசையை வகுக்கும் எண்ணில் சேர்த்துவிடாதீர்கள், விகிதம் பொய்யாகக் குறையும். 1995–2002-க்குத் தேசிய அளவில் இத்தகவல் திரட்டப்படவே இல்லை. அந்த இடைவெளியை வீழ்ச்சி என்று படிக்க வேண்டாம்.