ஐஸ்கட்டி மட்டும் போதாது
மதுரை ஜிகர்தண்டாவை ஐஸ்கட்டி நிரப்பிய தெர்மாகோல் பெட்டியில் வைத்துச் சென்னை வரை கொண்டுபோகலாம் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. பாலும் நன்னாரி சர்பத்தும் நன்றாகவே வந்துசேரும், ஐஸ்கிரீம் வராது. உருகும் ஐஸ்கட்டி 0 டிகிரியில்தான் நிற்கும். சர்க்கரை கரைந்திருக்கும் ஐஸ்கிரீமோ மைனஸ் 2, 3 டிகிரியிலேயே முழுக்க உருகிவிடும். மூன்று பங்கு நொறுக்கிய ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்பு, எடைக்கணக்கில், கலந்தால் மைனஸ் 15-க்கும் கீழே இறங்கும். பானை குல்ஃபி விற்பவர்கள் காலங்காலமாகச் செய்வது இதைத்தான். உப்புத்தண்ணீர் உள்ளே இறங்காமல் ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். திருச்சி வரைக்கும் தாங்கும். சென்னைக்கு 450 கிலோமீட்டருக்கு மேல், வழியில் ஐஸும் உப்பும் மாற்றியாக வேண்டும். உருகியதை வீட்டு ஃப்ரீசரில் மறுபடி உறையவைக்கவே கூடாது: உள்ளே இருந்த காற்று போய், பெரிய பனித்துகள்கள் உண்டாகி நறநறவென்று ஆகிவிடும், கிருமியும் பெருகியிருக்கும். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் உலர் ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) போடச் சொல்கிறார். ஏசி போட்டு மூடிய காரில் அது ஆபத்து, அதிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு வாயு மூச்சுத் திணற வைக்கும். கடையில் ஐஸ்கிரீமைச் சாப்பிட்டுவிட்டு, காய்ந்த பாதாம் பிசினையும் நன்னாரி சிரப்பையும் மட்டும் வாங்கி வருவதே உத்தமம். பிசினை 8 மணி நேரம் ஊறவைத்து, மரத்தூசியை அலசி எடுத்துவிட்டு, ஒரு லிட்டர் பாலை அரை லிட்டராகச் சுண்டக் காய்ச்சி ஆறவைத்துச் சேர்த்தால் வீட்டிலேயே நல்ல ஜிகர்தண்டா கிடைக்கும்.