டிவியில் எழுத்து பெரிதாகத் தெரிய ரெசல்யூஷனைக் குறைக்காதீர்கள்

லேப்டாப்பை டிவியில் மாட்டியதும் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கிறது என்று உடனே ரெசல்யூஷனைக் குறைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். டிவி பேனலில் எத்தனை புள்ளிகளோ, கம்ப்யூட்டரும் அத்தனைதான் அனுப்ப வேண்டும். எழுத்தைப் பெரிதாக்க ஸ்கேல் இருக்கிறது. விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே போனால் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். 4கே டிவிக்கு ரெசல்யூஷன் 3840×2160, ஸ்கேல் 200 முதல் 300 சதவீதம் வையுங்கள்.

அதிகம் ஏமாற்றுவது 32 இன்ச் 'ஹெச்டி ரெடி' டிவிதான். பேனல் பெரும்பாலும் 1366×768. ஆனால் 1920×1080 சிக்னலையும் வாங்கிக்கொள்ளும், விண்டோஸும் பல நேரம் அதையே ரெக்கமெண்டட் என்று காட்டும். 1080 வரிகளை 768 வரிகளுக்குள் டிவி நசுக்குவது படம் பார்க்கும்போது உறுத்தாது. எக்செல் திறந்தால் தெரிந்துவிடும்: ஒரு கட்டத்தின் கோடு கருப்பாக இருக்கும், பக்கத்துக் கோடு சாம்பலாக வெளுத்திருக்கும், 'ண' எழுத்தின் சுழிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். பட்டியலில் 1366×768 அல்லது 1360×768 இருந்தால் அதை எடுங்கள். (1366 எட்டால் வகுபடாது, பழைய கிராபிக்ஸ் கார்டுகள் 1360 காட்டுவது அதனால்தான்.) இரண்டுமே இல்லையா? 1280×720, 1920×1080 இரண்டையும் மாற்றிப் போட்டு, எதில் எழுத்து தெளிவோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு திரையிலும் ஒரே படம் காட்டும் டூப்ளிகேட் மோடில் லேப்டாப் திரையின் ரெசல்யூஷனே டிவிக்கும் போய்விடலாம். விண்டோஸ் பட்டனோடு பி அழுத்தி 'செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி' கொடுங்கள்.

டாஸ்க்பார் பாதி வெட்டுப்பட்டால் ரெசல்யூஷனைத் தொடவே வேண்டாம். அது ஓவர்ஸ்கேன், டியூப் டிவி காலத்துப் பழக்கம், ஓரங்களை மறைக்க டிவியே படத்தைச் சற்று உப்ப வைக்கிறது. ரிமோட்டில் பிக்சர் சைஸ் போங்கள். எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்கின் பல மாடல்களில் 'ஸ்கிரீன் ஃபிட்'.

4கே-யில் மவுஸ் இழுத்து இழுத்து நகர்ந்தால் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் ரிஃப்ரெஷ் ரேட் (ஒரு நொடிக்குத் திரை எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு, ஹெர்ட்ஸில்) பாருங்கள். 30 என்றிருக்கும். ஹெச்டிஎம்ஐ 1.4 போர்ட் 4கே-யில் 30 ஹெர்ட்ஸுக்கு மேல் தராது. 60 வேண்டுமானால் லேப்டாப், கேபிள், டிவி மூன்றும் ஹெச்டிஎம்ஐ 2.0-க்கு ஈடுகொடுக்க வேண்டும். டிவியிலும் அந்த போர்ட்டுக்கான வசதியைத் திறந்துவிட வேண்டும்: சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', எல்ஜியில் 'ஹெச்டிஎம்ஐ அல்ட்ரா ஹெச்டி டீப் கலர்'.

இவ்வளவும் சரியாக இருந்தும் கருப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து மட்டும் கசிந்தால், டிவி நிற விவரத்தைக் குறைத்துக் காட்டுகிறது. இன்புட்டின் பெயரை அல்லது ஐகானை 'பிசி' என்று மாற்றுங்கள். பல டிவிகளில் அந்தக் கசிவு அதோடு நின்றுவிடும்.