பாட்டியிடம் 'படிச்ச புள்ளைய கூட்டிட்டு வாங்க' என்றார்கள்: ஊர்க் குழுவில் எழுதிய தம்பிக்கு

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் நடந்த முதலீட்டுக் கூட்டத்தைப் பற்றி மறுபடியும் முதலிலிருந்து எழுதப் போவதில்லை. சுங்கை சிப்புட்டில் இருப்பவர்கள் எல்லாரும் அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கும் இந்நேரம் யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள். என்னை எழுத வைத்தது கூட்டம் இல்லை, மறுநாள் நம் ஊர்க் குழுவில் ஒரு பட்டதாரித் தம்பி போட்ட பதிவு. "நம்மில் பலர் கல்லூரி வாசலை மிதிக்காததால்தான் நம் சமுதாயத்துக்கு ஆராய்ந்து சிந்திக்கும் பழக்கம் வரவில்லை. நல்ல வாய்ப்பு வந்தாலும் சந்தேகப்பட்டே கெட்டுப்போகிறோம்" என்கிறார். கீழே வரிசையாகக் கைதட்டல். கைதட்டியவர்களில் பாதிப் பேர் என் நண்பர்கள். அதனால்தான் பொறுக்க முடியவில்லை.

சந்தேகப்படாமல் எப்படித் தம்பி ஆராய்வது?

மண்டபத்தில் அந்தப் பாட்டி என்ன கேட்டார்? "எங்க காச எடுத்துட்டுப் போயி நீங்க என்னா யாவாரம் பண்றீங்க தம்பி? அத யாரு வாங்குறா?" இவ்வளவுதான். மைக் பிடித்திருந்தவர், "பாட்டி, இது ஃபைனான்ஸ். உங்களுக்கு விளங்காது. வீட்ல படிச்ச புள்ள இருந்தா கூட்டிட்டு வாங்க" என்றார். மண்டபம் சிரித்தது. முன்வரிசையில் ஆசிரியர்கள் இருந்தார்கள், எஞ்சினியர் இருந்தார், மாஸ்டர் டிகிரி வாங்கியவர்கூட இருந்தார். ஒருவர் வாயிலிருந்தும் "பாட்டி கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்" என்று வரவில்லை.

பதில் வராததற்குக் காரணம் பாட்டிக்குப் படிப்பு இல்லாதது இல்லை. பதிலே இல்லை, அதுதான் காரணம். திரையில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்: மாதம் 8 விழுக்காடு லாபம். நம் ஊழியர் சேமநிதி, இ.பி.எஃப்., 2024-ஆம் ஆண்டுக்கு அறிவித்த லாப ஈவு 6.30 விழுக்காடு, அதுவும் முழு ஆண்டுக்கும் சேர்த்து. மாதம் 8 விழுக்காடு என்றால், பத்தாயிரம் வெள்ளியைப் போட்டு லாபத்தைத் தொடாமல் அதிலேயே விட்டால் ஒரு வருஷத்தில் 25,000 வெள்ளி. இரண்டாவது வருஷ முடிவில் 63,000. ஐந்து வருஷத்தில் ஒரு மில்லியனைத் தாண்டும். நம்பாதவர்கள் கால்குலேட்டரை எடுத்து 1.08-ஐ அறுபது தடவை பெருக்கிப் பாருங்கள். இந்த வித்தை தெரிந்த ஒருவர் எதற்காக நம் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, மீகூனும் கறிபாப்பும் கொடுத்து, பென்ஷன்காரர்களைக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும்? பேசாமல் வீட்டில் இருந்தே பணக்காரர் ஆகலாமே.

கூட்டுவட்டி பள்ளியிலேயே வரும் கணக்கு. முன்வரிசையில் இருந்த எல்லாரும் அதைப் போட்டுத் தேர்ச்சி பெற்றவர்கள்தான். கணக்குத் தெரியும், போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. நான் சொல்ல வருவது அதைத்தான். காலேஜுக்குப் போனால் யோசிக்க வந்துவிடும் என்பது தானாக நடக்கும் காரியம் இல்லை.

என் மகள் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள், பி.டி.பி.டி.என். கடனில். அவளுக்குச் சிந்தனைத் திறன் என்றே தனியாக ஒரு பாடம் இருந்தது. நல்ல விஷயம்தான் என்று நினைத்தேன். தேர்வு சமயத்தில் லீவுக்கு வந்தவள், ஆராய்ந்து சிந்திப்பவரின் ஐந்து பண்புகளை வாசலில் நடந்துகொண்டே மனப்பாடம் செய்தாள். மூன்றாவது பண்பு, 'பிறர் சொன்னதை அப்படியே ஏற்காதவர்'. அதை ஸ்லைடில் இருந்தபடியே அப்படியே எழுதினால்தான் மார்க். ஆறாவதாக ஒன்றைச் சொந்தமாக யோசித்து எழுதினால் என்ன ஆகும் என்று கேட்டேன். "அம்மா, நீங்க சும்மா இருங்க" என்றாள்.

பள்ளியிலும் இதே கதை. 2013-இல் தொடங்கிய கல்விப் பெருந்திட்டத்தோடு உயர்நிலைச் சிந்தனை, கேபாட் என்று ஊரெல்லாம் பேச்சு. அப்புறம் பார்த்தால் புத்தகக் கடையில் கேபாட் கேள்விகளுக்கு மாதிரி விடைகளோடு பயிற்சி நூல்கள்! பல நாடுகளில் பதினைந்து வயதுப் பிள்ளைகள் எழுதும் பீசா தேர்வில் 2022-இல் மலேசியா வாசிப்பில் வாங்கியது 388 புள்ளி. பெரும்பாலும் வசதியான நாடுகள் சேர்ந்த ஓ.இ.சி.டி. அமைப்பின் சராசரி 476. இந்தப் பிள்ளைகள்தான் அடுத்து காலேஜுக்குப் போகிறார்கள். அங்கே யார் என்ன மந்திரம் போடுவார்களாம்?

இது நம் நாட்டுக் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஆரம், ஜோசிப்பா ரோக்சா என்று இரண்டு சமூகவியலாளர்கள் 24 கல்லூரிகளில் 2,300-க்கும் மேற்பட்ட மாணவர்களை வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்து சோதித்து, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் 45 விழுக்காட்டினரிடம் ஆராய்ந்து சிந்திப்பதிலும் எழுதுவதிலும் சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை. அந்தச் சோதனை முறையையே குறை சொன்ன பேராசிரியர்களும் உண்டு, அது இருக்கட்டும். எனக்குப் பிடித்தது அதிலிருந்த இன்னொரு விஷயம். வாரம் நாற்பது பக்கம் படிக்க வைத்து, பருவத்துக்கு இருபது பக்கம் எழுத வைத்த பாடங்களை எடுத்தவர்கள் முன்னேறியிருந்தார்கள். அப்படியென்றால் கட்டடமும் பட்டமும் வேலை செய்யவில்லை, படித்து எழுதி மண்டையை உடைத்துக்கொண்டதுதான் வேலை செய்திருக்கிறது.

இப்போது என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அம்மா தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. பால்மரம் வெட்டியவர். அப்போதெல்லாம் பாலைக் கொண்டுபோய் ஸ்டோரில் கொட்டினால் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், எடை போடுவார், அப்புறம் மெட்ரோலாக் என்று ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்ப்பார். பாலில் காய்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்று அதில் தெரியும். சம்பளம் அந்தக் காய்ந்த எடைக்குத்தான். எங்கள் தோட்டத்துக் கிராணி நிறைய நாள் குழாயை வெளியிலேயே எடுக்க மாட்டார். எல்லாருக்கும் 28 என்று எழுதிவிடுவார். மழையில் தண்ணி கலந்த பாலுக்கும் 28, வெயில் நாளில் கெட்டியாக வந்த பாலுக்கும் 28. அம்மாவுக்கு அதுதான் உறுத்தியது. மழைக்கும் வெயிலுக்கும் எப்படி ஒரே நம்பர் வரும்?

அம்மா சண்டைக்குப் போகவில்லை. ஸ்டோருக்குப் போகிற வழியில் சீனன் கடைத் தராசில் ஒரு கிலோ பால் நிறுத்துத் தனியாக எடுத்து வந்தார். ஆசிட் ஊற்றி உறைய வைத்து, போத்தலால் தேய்த்துத் தண்ணியைப் பிழிந்து, மெல்லிய தகடாக்கி அடுப்புக்கு மேலே கொடியில் தொங்கவிட்டார். வெள்ளை போய் முழுக்கக் காய்ந்த பிறகு அதே தராசில் நிறுத்தார். 340 கிராம். கிராணி கணக்குப்படி 280 தான் வந்திருக்க வேண்டும். ஒரு தடவை தவறாக இருக்கலாம் என்று பக்கத்து நிரை வெட்டும் அக்காமார்களையும் செய்யச் சொன்னார். தகடுகளை எடுத்துக்கொண்டு எல்லாருமாக ஆபீசுக்குப் போனார்கள். பழைய காசு திரும்பி வரவில்லை. ஆனால் அதற்கப்புறம் கிராணி ஆள் முன்னால் குழாயைப் போட்டுப் பார்த்துத்தான் எழுதினார்.

ஆய்வுக்கூடத்தில் காய்ந்த ரப்பரைக் கண்டுபிடிக்கச் செய்வதும் அடிப்படையில் அதேதான். உறைய வைத்து, மெல்லியதாக்கி, காய வைத்து, நிறுப்பது. அம்மாவுக்கு அது தெரியாது. தன் கூலி போகிறது என்பது மட்டும் தெரியும்.

இதைப் படித்ததும் சிலர் என்ன எழுதப் போகிறீர்கள் என்று தெரியும். "அப்போ வயிற்று வலிக்கு டாக்டரிடம் போகாதே, பாட்டியிடம் போ." இல்லை. டாக்டரிடம்தான் போவேன். அவர் படித்தது அவர் வேலையை. அந்த டாக்டரே மாதம் 8 விழுக்காடு என்று சொன்னால் அவரிடமும் இதையேதான் கேட்பேன்.

"தோட்டத்து மக்கள் என்றைக்குக் கேள்வி கேட்டார்கள், தலையாட்டியவர்கள்தானே" என்று ஒருவர் எழுதியிருந்தார். 1941-இல் கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டு வாருங்கள். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு, கள்ளுக்கடையை மூடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்று கேட்டவர்கள் நம்மவர்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிரும் போனது. சரி, அதை முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதன் படித்தவர், பத்திரிகையில் வேலை பார்த்தவர் என்பீர்கள். உண்மைதான். ஆனால் அவரைப் பிடித்துக்கொண்டு போன பிறகும் வேலைநிறுத்தம் அடங்கவில்லை, இன்னும் பரவியது. அதற்கெல்லாம் எந்தக் காலேஜ் சர்ட்டிபிகேட் கொடுத்தது?

படித்தவர்கள் யோசிக்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1974-இல் கெடாவில் பாலிங் பக்கம் ரப்பர் விலை விழுந்து சிறுதோட்டக்காரர்கள் தெருவுக்கு வந்தபோது, அவர்களுக்காகக் கோலாலம்பூரில் இறங்கிப் போராடியவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். அதற்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? 1971-இல் வந்த பல்கலைக்கழகச் சட்டத்தை 1975-இல் இன்னும் இறுக்கினார்கள். மாணவர் கட்சியில் சேர 2012 வரை தடை. இப்படி வளர்த்த இடத்திலிருந்து கேள்வி கேட்கிற பிள்ளை வந்தால் அது அந்தப் பிள்ளையின் சாமர்த்தியம்.

அடுத்தது, "இந்த அம்மாவுக்கு யுனிவர்சிட்டி கிடைக்கவில்லை, அந்த வயிற்றெரிச்சல்." எழுதிவிட்டார்கள் ஏற்கெனவே. ஆமாம், கிடைக்கவில்லை. எஸ்.டி.பி.எம். எழுதினேன், தேர்ச்சி பெற்றேன், இடம் வரவில்லை. தனியார் காலேஜுக்குக் கட்ட அப்பாவிடம் பணம் இல்லை. செம்பனை மில் ஆபீசில் கணக்கு எழுதப் போனேன், இன்றைக்கும் அதே வேலைதான். ஆசை இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல எனக்கு என்ன தேவை? பல்கலைக்கழகம் வேண்டாம் என்பவள் மகளைக் கடன் வாங்கி அனுப்புவாளா? ஐம்பதுகளில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்கு நூலகம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது சில்லறை கொடுத்தவர்களில் சாதாரண உழைப்பாளிகளும் உண்டு. தாங்கள் நுழைய முடியாத இடத்துக்குக் கொடுத்தார்கள். அங்கே படித்துவிட்டு வருகிறவர்கள் நம் கிழவிகளைப் பார்த்துச் சிரிப்பதற்காகக் கொடுக்கவில்லை.

எனக்கு ரத்தம் கொதித்தது இன்னொரு இடத்தில். நாலாவது ஸ்லைடோ ஐந்தாவதோ, நம் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் படம். "அவரும் பத்து வெள்ளியில்தான் தொடங்கினார்" என்றார் பேச்சாளர். இந்த ஊரில் நின்றுகொண்டு! தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற காலத்தில், 1960-இல், அவர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணம் எங்கே போனது என்று எல்லாருக்கும் தெரியும். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கினார்கள். போய்ப் பார்க்கலாம், மரத்தை எண்ணலாம். அந்தப் பாட்டி கேட்டதும் அதைத்தானே? என் காசுக்கு மரம் எங்கே? அந்தப் படத்தைப் போட்டவருக்கும் டிகிரி உண்டு, பார்த்துத் தலையாட்டியவர்களுக்கும் உண்டு.

"நீங்கள் கூட்டத்துக்கே வரவில்லை, எப்படிப் பேசலாம்" என்பவர்களுக்கு: அன்றைக்கு எனக்கு மில்லில் வேலை. வீடியோவை முழுக்கப் பார்த்தேன். பாட்டியை வெட்டி எடுத்துவிட்டு நீங்கள் பகிர்ந்ததை இல்லை, முழு வீடியோவை. ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலையும் பங்குப் பத்திர ஆணையத்தின் பட்டியலையும் தேடிப் பாருங்கள். பட்டியலில் பெயர் இல்லை என்றால் நல்ல கம்பெனி என்று அர்த்தம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

காமெண்டில் சண்டை போடுகிறவர்கள் போடுங்கள், பதில் சொல்கிறேன். ஆனால் பாட்டியின் முகத்தை வெட்டி வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்கிச் சுற்றவிட்டிருக்கிற மூன்று பேர் யார் என்று எனக்குத் தெரியும். உங்கள் அம்மாமார்களையும் தெரியும். நாளைக்குள் எடுத்துவிடுங்கள்.